பிரிட்டனுக்கு நர்ஸாகப் போகிறீர்களா? எந்த ஊர் என்று முடிவு செய்யும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் ஒன்பது வருடம் ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு 2022இல் லண்டனுக்கு வந்தேன். ஊரைத் தேர்ந்தெடுக்க நான் செலவழித்த நேரம் மொத்தம் ஒரு மாலைப்பொழுது. சித்தி மகள் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள், முருகன் கோவில் பக்கத்தில் இருக்கிறது, லண்டன் என்றால் சம்பளமும் கூட. அவ்வளவுதான் யோசித்தேன். இருபது மாதம் கழித்து, கையில் ஒன்றும் சேராமல், தெரிந்த வேலையும் கைவிட்டுப் போகும் நிலையில் நியூகாசிலுக்கு மாறினேன். மாறுவதற்கே தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணமும் அந்த இருபது மாதமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். 2022இல் இருந்த அளவுக்கு இப்போது வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதில்லை. இடங்கள் குறைவு என்பதால், கிடைத்த முதல் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளத் தோன்றும். தவறான ஊரில் போய் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான்.

1. ஊரை யோசிக்கும்போதே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள்

எந்த ஊருக்குப் போனாலும் பதிவு ஒன்றுதான். என்எம்சி என்கிற நர்சிங் கவுன்சில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் பொது. அதனால் ஊர் முடிவாகும் வரை இதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

ஆங்கிலத் தேர்வு: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். வார்டில் பேசிப் பழகியவர்களுக்கு ஓஇடி எளிது என்பது என் அனுபவம். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும்.

கட்டணங்கள்: என்எம்சி தகுதிப் பரிசீலனைக்கு 140 பவுண்டு, சிபிடி கணினித் தேர்வுக்கு 83, ஆஸ்கி செய்முறைத் தேர்வுக்கு 794, கடைசியில் பதிவுக்கு 153. கூட்டினால் 1,170 பவுண்டு. பெரும்பாலான மருத்துவமனைகள் ஆஸ்கி கட்டணத்தையாவது ஏற்றுக்கொள்ளும். எதை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நம்மூர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும், பிஎஸ்சி சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர் வந்திருக்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். எனக்கு இந்தக் குழப்பம் ஒன்றிலேயே ஏழு வாரம் போனது. முதல் வேலையாக எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கவுன்சில் சரிபார்ப்பு. சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் உங்கள் பதிவை என்எம்சிக்கு உறுதிப்படுத்த வேண்டும். பெங்களூரிலோ கொச்சியிலோ வேலை பார்த்து அங்கும் பதிந்திருந்தால் அந்தக் கவுன்சில்களிடமும் வாங்க வேண்டியிருக்கும். பதிவு புதுப்பிக்காமல் கிடந்தால் அதை முதலில் முடியுங்கள். அசல் சான்றிதழ்களை வேலை செய்யும் மருத்துவமனையில் கொடுத்து வைத்திருப்பவர்கள் ராஜினாமாவைப் பற்றி வாய் திறக்கும் முன் அவற்றை எப்படித் திரும்ப வாங்குவது என்று திட்டமிடுங்கள்.

அனுபவச் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்' என்று ஒரு வரி இருந்தால் போதாது. எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தீர்களா, டயாலிசிஸ் இயக்கினீர்களா, ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தீர்களா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று விவரமாக வாங்குங்கள். இந்தக் காகிதம் கீழே நான்காவது பகுதியில் உங்களுக்குக் காசாக மாறும்.

2. உங்கள் பிரிவு எந்த ஊரில் பலமாக இருக்கிறது என்று பாருங்கள்

பொது வார்டு நர்ஸுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஒரு பிரிவில் ஆண்டுக்கணக்கில் ஊறியவர்களுக்கு அப்படி இல்லை. இதயப் பிரிவு என்றால் கேம்பிரிட்ஜில் பாப்வொர்த், லிவர்பூலில் இதய நெஞ்சக மருத்துவமனை, கிளாஸ்கோ பக்கத்தில் கோல்டன் ஜூபிலி. புற்றுநோய்க்கு மான்செஸ்டரில் கிறிஸ்டி, லண்டனில் ராயல் மார்ஸ்டன், லிவர்பூலில் கிளாட்டர்பிரிட்ஜ். குழந்தைகள் பிரிவு என்றால் லண்டன் மட்டுமில்லை, லிவர்பூலில் ஆல்டர் ஹே இருக்கிறது, ஷெஃபீல்டிலும் பர்மிங்காமிலும் தனிக் குழந்தைகள் மருத்துவமனைகள் இருக்கின்றன. நரம்பியலுக்கு லிவர்பூலில் வால்டன் சென்டர். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு பர்மிங்காம், லீட்ஸ், லண்டன் கிங்ஸ். இதய மாற்று என்றால் நியூகாசில் ஃப்ரீமேன்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், நல்ல சிறப்பு மருத்துவமனைகள் பலவும் வாடகை குறைந்த வட ஊர்களில்தான் இருக்கின்றன. நான் இதைப் பார்க்கவே இல்லை. ஐசியூ என்று சொல்லி எடுத்தவர்கள், வந்து இறங்கியதும் முதியோர் வார்டில் போட்டார்கள். 'பின் நம்பர் வந்ததும் மாற்றிவிடுவோம்' என்றார்கள். பின் என்பது என்எம்சி தரும் பதிவு எண். பின் வந்து ஒரு வருடம் ஆன பிறகும் மாற்றவில்லை. முதியோர் வார்டு வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அது கடினமான, மதிப்பான வேலை. ஆனால் ஒன்பது வருடத்தில் நான் கற்றது வேறு.

நேர்காணலில் நேராகக் கேளுங்கள்: "எந்த வார்டு? ஆஃபர் கடிதத்தில் வார்டின் பெயர் இருக்குமா?" இருக்காது என்றால் அந்த வேலையைக் கடைசி இடத்தில் வையுங்கள்.

அப்புறம், அந்த மருத்துவமனை எப்படிப்பட்டது என்று வெளியிலிருந்தே பார்க்க முடியும். இங்கிலாந்தில் சிக்யூசி என்ற தணிக்கை அமைப்பு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தரம் கொடுத்து அறிக்கை வெளியிடுகிறது. என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவையின் ஊழியர் கருத்துக்கணிப்பும் ஒவ்வொரு டிரஸ்டுக்கும் தனித்தனியாக ஆண்டுதோறும் வருகிறது. இங்கே மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகத்தைத்தான் டிரஸ்ட் என்கிறார்கள். கருத்துக்கணிப்பில் இனப் பாகுபாடு பற்றியும் பதவி உயர்வில் நியாயம் பற்றியும் கேள்விகள் உண்டு. அந்த இரண்டு பக்கத்தையாவது படியுங்கள்.

3. கைக்கு வரும் சம்பளத்தையும் வாடகையையும் ஒரே தாளில் எழுதுங்கள்

என்ஹெச்எஸ் சம்பளம் இங்கிலாந்து முழுவதும் ஒரே அட்டவணை. 2025-26இல் பேண்ட் 5, அதாவது பதிவு பெற்ற நர்ஸ் சேரும் சம்பள நிலை, ஆரம்பம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. லண்டன் உள்வட்டத்தில் 20 சதவீதம், வெளிவட்டத்தில் 15 சதவீதம், லண்டனை ஒட்டிய விளிம்புப் பகுதிகளில் 5 சதவீதம் கூடுதல். உள்வட்டத்தில் அது 37,259 ஆகிறது. வருடத்துக்கு 6,210 பவுண்டு அதிகம் என்றதும் எனக்கும் கண் விரிந்தது.

இப்போது பிடித்தம் போக எவ்வளவு என்று பாருங்கள். பென்ஷன், வருமான வரி, தேசியக் காப்பீடு மூன்றும் போனால், லண்டனுக்கு வெளியே மாதம் சுமார் 1,985 பவுண்டு கைக்கு வரும். லண்டன் உள்வட்டத்தில் சுமார் 2,285. சம்பளம் கூடும்போது பென்ஷன் பிடித்தமும் 8.3 சதவீதத்திலிருந்து 9.8க்கு ஏறிவிடுகிறது. கடைசியில் வித்தியாசம் மாதம் 300 பவுண்டு.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் ஒற்றை அறைக்கு நான் கொடுத்தது 850. ரயில், பஸ் மாதப் பாஸ் இன்றைக்கு 200ஐ ஒட்டி வரும். 2,285இல் இந்த இரண்டும் போனால் 1,235. நியூகாசிலில் அப்படிப்பட்ட அறை 500க்குக் கிடைக்கிறது, பஸ்ஸுக்கு 80 வையுங்கள். 1,985இல் அது போக 1,405. குறைந்த சம்பளத்தில் மாதம் 170 பவுண்டு அதிகமாக நிற்கிறது. இது தனி ஆளுக்கு. குடும்பமாக முழு வீடு எடுத்தால் இடைவெளி மலைக்கும் மடுவுக்குமாக ஆகிவிடும். லண்டனில் சராசரி வீட்டு வாடகை 2,200 பவுண்டுக்கு மேல், அதாவது ஒரு நர்ஸின் மாதச் சம்பளம் முழுதும். வடகிழக்கு இங்கிலாந்தில் 750ஐ ஒட்டி.

நடுத்தர ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிரைட்டன், பிரிஸ்டல் இந்த ஊர்களில் வாடகை லண்டனைத் துரத்துகிறது, லண்டன் கூடுதல் மட்டும் கிடையாது. பெயருக்காக அங்கே போகாதீர்கள். உங்கள் சிறப்புப் பிரிவு அங்கே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்காட்லாந்துக்கு அட்டவணை வேறு. 2025-26இல் பேண்ட் 5 ஆரம்பம் 33,247 பவுண்டு. வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்பதை அங்கே 2024 ஏப்ரலில் 37 ஆகவும், 2026 ஏப்ரலில் 36 ஆகவும் குறைத்தார்கள். வருமான வரி கொஞ்சம் கூட. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை, மருத்துவமனைகளில் கார் நிறுத்தவும் கட்டணம் இல்லை. கிளாஸ்கோவை நம்மவர்கள் பலரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. என் பட்டியலில் அது மேலே இருக்கும்.

4. அனுபவத்துக்கு உரிய சம்பளப் படியை முன்பே கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பேண்ட் 5க்குள் மூன்று படிகள் இருக்கின்றன. 2025-26 கணக்குப்படி ஆரம்பம் 31,049, இரண்டு வருடத்துக்குப் பின் 33,487, நான்கு வருடத்துக்குப் பின் 37,796. இந்தியாவில் பார்த்த வருடங்களைக் கணக்கில் எடுத்து மேல்படியில் வைக்க டிரஸ்டுக்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் இல்லை. கேட்டால் சிலர் தருகிறார்கள், கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

எண்களைத் திரும்பப் பாருங்கள். லண்டனில் அடிப்படியில் 37,259. லண்டனுக்கு வெளியே மேல்படியில் 37,796. அனுபவத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு வட ஊர் மருத்துவமனை, லண்டன் கூடுதலைவிட அதிகம் கொடுத்துவிடுகிறது, வாடகை மூன்றில் ஒரு பங்கோடு. ஒன்பது வருட அனுபவத்தோடு வந்த நான் அடிப்படியில் சேர்ந்தேன். இப்படி ஒரு படி இருப்பதே எனக்குத் தெரியாது.

கேட்கும் நேரம் முக்கியம். வேலை உறுதி என்று வாய்மொழியாகச் சொன்ன பிறகு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன். மனிதவளப் பிரிவுக்கு இப்படி எழுதலாம்: 'என் முந்தைய பணிக்காலத்தைச் சம்பளப் படிக்குக் கணக்கில் எடுக்க வேண்டுகிறேன், அனுபவச் சான்றிதழ்களை இணைத்துள்ளேன். பின் நம்பர் வந்த நாளிலிருந்து எந்தப் படியில் வைப்பீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.' விடுமுறை நாட்களுக்கும் இதையே கேளுங்கள். புதியவருக்கு 27 நாள், ஐந்து வருடத்துக்கு மேல் 29, பத்துக்கு மேல் 33.

பின் வரும் வரை பெரும்பாலும் பேண்ட் 4 சம்பளம்தான், 2025-26இல் அது 27,485இல் தொடங்கியது. அந்த மாதங்களுக்கும் கணக்குப் போட்டு வையுங்கள்.

5. ஞாயிறு காலை ஆறு மணிக்கு பஸ் இருக்கிறதா?

லாங் டே என்றால் பெரும்பாலும் காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு வரை. உங்கள் ரோட்டாவில், அதாவது ஷிப்ட் பட்டியலில், ஞாயிறும் வரும், கிறிஸ்துமஸும் வரும். கூகுள் மேப்பில் அறை இருக்கும் தெருவிலிருந்து மருத்துவமனைக்கு ஞாயிறு காலை 6.45க்குப் போய்ச் சேரும்படி வழி கேட்டுப் பாருங்கள். நான் புதன்கிழமை மதியத்துக்குப் பார்த்தேன். 45 நிமிடம் என்று காட்டியது. ஞாயிறுகளில் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது.

சிறிய ஊர்களில் பிரச்சினை வேறு மாதிரி. வாடகை குறைவு, ஆனால் ஞாயிறு காலை பஸ்ஸே இருக்காது. நம் ஓட்டுநர் உரிமத்தை வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குப் பிறகு இங்கே தேர்வு எழுத வேண்டும். புதியவருக்குக் கார் காப்பீடு மிக அதிகம். கார் இல்லாமல் முதல் வருடத்தைக் கடத்த முடிகிற ஊரா என்று பாருங்கள். மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஊழியர் விடுதி இருந்தால் முதல் ஆறு மாதத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

நைட் டியூட்டிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல் கிடைக்கும். வெளிநோயாளிப் பிரிவில் பகல் வேலை என்றால் இது வராது. மேலே போட்ட கணக்கில் இதை நான் சேர்க்கவில்லை.

6. குடும்பம் கூட வருகிறது என்றால்

நர்ஸ்கள் கணவர், பிள்ளைகளை அழைத்து வரலாம். 2024 மார்ச்சில் தடை வந்தது கேர் வொர்க்கர்கள் என்கிற பராமரிப்புப் பணியாளர்களுக்கு. இரண்டையும் குழப்பிச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள்.

கணவரின் வேலையும் ஊரை முடிவு செய்ய வேண்டும். ஐடி என்றால் மான்செஸ்டர், லீட்ஸ், எடின்பரோ, லண்டன். குழந்தை மூன்று வயதுக்குக் கீழே என்றால் நர்சரிச் செலவு ஒரு சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 30 மணி நேரம் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெற்றோர் இருவர் விசாவிலும் அரசு உதவித்தொகை கிடையாது என்ற நிபந்தனை இருந்தால் அது கிடைக்காது, நம் விசாவில் அது இருக்கும். மூன்று, நான்கு வயதுக்கு எல்லோருக்கும் உள்ள 15 மணி நேரம் மட்டும் கிடைக்கும். இதைத் தெரியாமல் அம்மாவை ஊரிலிருந்து அவசரமாக வரவழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கோவில், தமிழ்ப் பள்ளி, மளிகைக் கடை வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் எல்லாம் இருக்கிறது. பர்மிங்காம் பக்கத்தில் டிவிடேலில் பெரிய பாலாஜி கோவில் இருக்கிறது. சிறிய ஊர்களிலும் இன்று மலையாளி நர்ஸ்கள் நிறைய, அவர்கள் இருக்கும் ஊரில் புழுங்கலரிசியும் கறிவேப்பிலையும் கட்டாயம் கிடைக்கும்.

7. கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? விமான டிக்கெட், ஆஸ்கி, விசா, முதல் மாத விடுதி எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுதும், பிறகு படிப்படியாகக் குறைத்தும் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. நான் பாதியைக் கட்டினேன். தொகையும் மாதவாரியாகக் குறையும் விதமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்ற கட்டணத்தை அதில் சேர்த்திருக்கிறார்களா? அது முதலாளி கட்ட வேண்டியது. உங்களிடம் வாங்கக் கூடாது.

ஏஜென்ட் பணம் கேட்கிறாரா? வேலை வாங்கித் தருவதற்காக ஆளிடம் பணம் வாங்குவது பிரிட்டன் சட்டப்படி தவறு. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை விசா கொடுத்து வேலைக்கு எடுக்கும் அனுமதி, முதலாளியிடம் இருக்கிறதா? பிரிட்டன் அரசு இணையதளத்தில் உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரை அதில் தேடுங்கள்.

8. கையில் எவ்வளவு, எத்தனை மாதம்

எனக்கு ஓஇடி படிப்பிலிருந்து விமானம் ஏறும் வரை 13 மாதம் ஆனது. பெயர்க் குழப்பம் இல்லை என்றால் பத்து மாதத்தில் முடித்திருப்பேன். காசநோய் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், சென்னையில் எடுக்கலாம். முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தால் மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காசநோய்ச் சான்றிதழையும் போலீஸ் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்துக் காலாவதியாக்க வேண்டாம், வேலை உறுதியான பிறகு எடுங்கள். ஹெல்த் அண்ட் கேர் விசா மூன்று வருடத்துக்கு 304 பவுண்டு, 2025 ஏப்ரல் நிலவரப்படி. சுகாதாரக் கூடுதல் கட்டணம் நர்ஸ்களுக்கு இல்லை.

வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் ஆஸ்கி எழுத வேண்டும். தேர்வு மையங்கள் ஐந்துதான்: நார்த்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு, லீட்ஸ், நியூகாசில், வட அயர்லாந்தில் ஒன்று.

வீட்டு முன்பணம் இங்கிலாந்தில் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கிய 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். கடன் வரலாறு இல்லை என்று ஆறு மாத வாடகையை என்னிடம் மொத்தமாகக் கேட்டார்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் அப்படி ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் சம்பளம் வர ஐந்து, ஆறு வாரம் ஆகலாம். லண்டனுக்கு 3,000 பவுண்டு, வட ஊர்களுக்கு 1,800, இதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்பது என் கணக்கு.

9. வந்த ஊர் சரியில்லை என்று தெரிந்தால்

ராஜினாமா கடிதத்தை முதலில் கொடுத்துவிடாதீர்கள். விசா உங்கள் முதலாளியோடு கட்டப்பட்டது. புதிய டிரஸ்டில் வேலை, புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ், விசா மாற்ற விண்ணப்பம், அதன் முடிவு, அதற்குப் பிறகுதான் புதிய இடத்தில் முதல் நாள். எனக்கு நேர்காணல் முடிந்து மாறி வர நான்கு மாதம் ஆனது. பின் கையில் இருந்ததால் இந்த முறை சம்பளப் படியைக் கேட்டேன். இரண்டு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு. மதுரையில் வாங்கிய அனுபவச் சான்றிதழைப் பார்த்து மேல்படியில் வைத்தார்கள், ஐசியூ என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள்.